உப்புவெளியில் ஒரு வெள்ளிக்கிழமைக் குஸ்குஸ்

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் அந்தச் சிறிய சாப்பாட்டுக்கடையின் பலகையில் ‘அரபு உணவு’ என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே சமைப்பதோ அல்ஜீரியச் சாப்பாடு. அதிலும் கபீலியா மலைப்பகுதியின் வீட்டுச் சாப்பாடு. தங்களை அமாசிக் என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் பகுதி மக்களில் பலர், அரபுக்காரர் என்று அழைக்கப்படுவதை விரும்புவதில்லை. பலகையை மாற்றச் சொல்லிக் கடைக்காரரிடம் இருமுறை கூறிவிட்டேன். “அல்ஜீரியா என்றால் இங்கே ஆருக்கு ஐயா தெரியும்?” என்று சிரிக்கிறார்.

அவர் எங்கள் ஊரவர். பாரிஸில் ஓர் அல்ஜீரியரின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, பதினொரு வருடத்தில் அடுப்படிக்கு வந்தவர். நகரின் இரண்டாம் இலக்க மெட்ரோவில், தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலும் வட ஆபிரிக்கர் நிறைந்த பார்பெஸும் அடுத்தடுத்த தரிப்புகள் என்பதால், இந்தக் கைமாற்றத்தில் வியக்க எதுவுமில்லை.

உணவுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், தனக்குச் சமையல் பழக்கிய அந்த மனிதரைப் பற்றித் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். சாப்பாடு வர நாற்பது நிமிடம் ஆவதால் எல்லோரும் அதை வாசிக்கிறார்கள். அந்த அல்ஜீரியர், கபீலியாவின் திசி ஊசூ நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1992 ஜனவரியில் அல்ஜீரியத் தேர்தல் இடைநடுவில் இரத்துச் செய்யப்பட்டு, இராணுவத்துக்கும் இஸ்லாமிய ஆயுதக் குழுக்களுக்கும் போர் மூண்டபின், குழுக்களின் மிரட்டலுக்குப் பயந்து 1994இல் பிரான்ஸுக்குத் தப்பினார். அவருடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. துன்புறுத்தியது அரசு அல்ல, ஆயுதக் குழு என்பதே காரணம்; துன்புறுத்தலுக்குப் பின்னால் அரசின் கையோ, அரசு கண்டும் காணாமல் விட்டதோ இருந்தால்தான் ஒருவர் அகதி என்று அன்றைய பிரான்ஸ் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கைக்குப் பொருள் கொண்டிருந்தது. (அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் பிரெஞ்சு அலுவலகமான ஓஃப்ராவின் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும் எங்கள் ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.) பெரும்பாலும் இத்தகைய அல்ஜீரியர்களை மனத்தில் வைத்து 1998இல் ‘பிரதேசத் தஞ்சம்’ என்றொரு வழி திறக்கப்பட்டது. ஆனால் அதை வழங்கும் அதிகாரம் உள்துறை அமைச்சரிடம் இருந்தது. மறுத்தால் காரணம் சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. 2003 டிசம்பரில் வந்த சட்டம் அதை ஒழித்து, அரசல்லாதோர் செய்யும் துன்புறுத்தலையும் அகதியாவதற்கான காரணமாக ஏற்றுக்கொண்டது. ஆசிரியருக்கு அது காலம் பிந்திய உதவி. அதற்குள் ஒரு பிரெஞ்சுப் பெண்ணை மணந்து வதிவிட அட்டை பெற்றிருந்தார். அந்தப் பக்கத்தின் தலைப்பு ‘ஓர் அகதியின் சமையல்’. சட்டம் அவருக்குக் கொடுக்காத பெயரைக் கடைக்காரர் கொடுத்திருக்கிறார். இந்தத் துணிச்சலைப் பலகையிலும் காட்டியிருக்கலாம்.

இனிச் சாப்பாடு. குஸ்குஸ் என்பது நனைத்த கோதுமை ரவையைக் கையால் உருட்டி, கறி கொதிக்கும் பானையின் மேல் துளைச்சட்டியில் வைத்து ஆவியில் அவிப்பது. ஒவ்வொரு அவிப்புக்கும் இடையில் கொட்டி, தண்ணீர் தெளித்து, எண்ணெய் தடவி, கட்டி உடைத்து, மறுபடி ஏற்றவேண்டும். புட்டுக்கு மாக் குழைத்துப் பழகிய கைக்கு இது அந்நியமான வேலை அல்ல. முதலில் நீத்துப்பெட்டியில் முயன்றாராம். பனையோலை வாசம் தூக்கலாக இருந்ததால் கைவிட்டாராம். இப்போது மூன்று முறை அவிக்கிறார். மணி மணியாக உதிர்கிறது. மேலே ஆட்டிறைச்சி, கடலை, கரட், பூசணி, டர்னிப்புக்குப் பதிலாக நோகோல். குழம்பில் கறுவா மெல்ல மணக்கிறது, உறைப்பு இல்லை. பக்கத்து மேசைக்காரர் அதைக் குறையாகச் சொன்னார்; எனக்கு அதுதான் நிறைவு, ஏனென்றால் உறைப்பு வேண்டியவர்களுக்கு மிளகாய்ச் சாந்து தனிக் கிண்ணத்தில் வருகிறது. 1,800 ரூபாய்க்கு இருவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஷோர்பா என்ற சூப்புக்கு வேண்டிய பச்சைக் கோதுமை இங்கே கிடைக்காததால் குறுணல் அரிசி போடுகிறார்; அது எங்கள் நோன்புக் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரமாகிவிட்டது, ஆனாலும் நன்றாகவே இருக்கிறது. புதினாத் தேநீரைக் கறுப்புத் தேயிலையில் போடுவதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கென்று தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் மீன் குஸ்குஸ் இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத ஒன்று. பாரை மீன் புதிதாக இருந்தும் ரவை களியாகிவிடுகிறது.

குஸ்குஸ் வெள்ளிக்கிழமை மதியம் மட்டுமே. அல்ஜீரிய வீடுகளிலும் அதற்குரிய நாள் அதுதான். வியாழன் மாலைக்குள் சொல்லிவைக்காவிட்டால் ஆட்டிறைச்சி முடிந்துவிடும். அப்படியானால் மீனைத் தவிர்த்து, காய்கறிக் குஸ்குஸைக் கேளுங்கள்.