பெங்களூரு ஏஜென்சிகளின் ஆறு நாள் அந்தமான் ஹனிமூன் பேக்கேஜ்: எதை வாங்கலாம், எதை மாற்றச் சொல்லலாம்

அல்சூரிலோ இந்திராநகரிலோ ஒரு டிராவல் ஏஜென்சிக்குள் நுழைந்து அந்தமான் ஹனிமூன் என்று கேட்டால், கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே மாதிரித் தாள்தான். ஐந்து இரவு, ஆறு நாள். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று. கூடவே கட்டிலில் பூ அலங்காரம், ஒரு கேக், ஒரு கேண்டில் லைட் டின்னர், ஏ.சி. கார். எந்தக் கடை என்பதைவிட இந்தத் தாள் எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். அதனால் கடைப் பெயர்களை விட்டுவிட்டுத் தாளையே மதிப்பிடலாம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்று. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். டிக்கெட்டில் ஒரு பெயரும் ஹோட்டல் வவுச்சரில் இன்னொன்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். பேச்சில் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், இங்கேயும் அப்படியே.

ரூமும் படகு டிக்கெட்டும் எடுத்துத் தருவதில் இந்த பேக்கேஜ் உண்மையாகவே உதவும். தை, மாசியில் தனியார் படகுகள் சீக்கிரம் நிரம்பிவிடும். விமானம், மூன்று படகுப் பயணம், மூன்று ஹோட்டல் எல்லாவற்றையும் நாள் பிசகாமல் கோர்ப்பது கல்யாண வேலைக்கு நடுவே லேசுப்பட்ட காரியமில்லை. அதற்குக் கொடுக்கும் காசு தகும். ஆனால் நாள்வாரி அட்டவணை கார் டிரைவரின் வசதிக்காகப் போட்டது. கடலையும் நிலவையும் அது பார்ப்பதே இல்லை. மாற்ற வேண்டியது அதைத்தான்.

மாதத்தைப் பொறுத்தவரை நம் முகூர்த்தக் கணக்கே பாதி வேலையை முடித்துவிடுகிறது. தை, மாசி, பங்குனியில் கல்யாணம் என்றால் கடல் அமைதியாக, தண்ணீர் தெளிவாக இருக்கும் காலம் அதுதான். வைகாசி முகூர்த்தம் என்றால் யோசியுங்கள், ஏனென்றால் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே மூன்றாம் வாரத்திலேயே அந்தமானைத் தொட்டுவிடும். ஆவணியிலும் அந்த மழை விடாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும். இந்த மாதங்களில் "ஆஃபர்" என்று விலையைக் குறைப்பார்கள், ரூமும் நன்றாகவே இருக்கும். படகு நின்றுபோனால் அந்த ரூமுக்குப் போய்ச் சேர வழி இருக்காது. ஆவணியில் தாலி கட்டியவர்கள் பயணத்தைத் தைக்குத் தள்ளிவைப்பது மேல்.

தேதி குறிக்கும்போது வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கிழித்துப் பார்க்காமல் புரட்டிப் பாருங்கள். அமாவாசை எப்போது? ஹேவ்லாக்கில் இரவில் அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குள் கயாக் ஓட்ட அழைத்துப் போகிறார்கள். துடுப்பைத் தண்ணீரில் போட்டதும் நீலப் பொறி சிதறும், கையை விட்டு அளாவினால் விரலைச் சுற்றி ஒளி ஓடும். நுண்ணுயிர்கள் அசைவு பட்டதும் விடும் வெளிச்சம் அது. நிலா இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பௌர்ணமிக்குப் பக்கத்தில் போனவர்கள் காசு கொடுத்து இருட்டில் துடுப்புப் போட்டதுதான் மிச்சம். அமாவாசைக்கு மூன்று நாள் முன்பின் என்றால் அருமை.

அதே அமாவாசை இன்னொரு வேலையும் செய்கிறது. நீல் தீவில் லட்சுமண்பூர் பக்கம் பாறை வளைவு ஒன்று உண்டு, நேச்சுரல் பிரிட்ஜ் என்பார்கள். அதன் அழகு வளைவில் மட்டும் இல்லை. கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் பவளம், கடல் வெள்ளரி, நண்டு, குட்டி மீன் எல்லாம் கண்ணாடித் தொட்டி மாதிரித் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக வற்றும். வற்றும் நேரமோ நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பேக்கேஜ் தாளில் எல்லாருக்கும் "நேச்சுரல் பிரிட்ஜ், மதியம் 3 மணி" என்று ஒரே நேரம் அச்சிட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கடல் ஏறியிருந்தால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உங்கள் தேதிக்கு கடல் ஏறி வற்றும் ஓத நேரத்தைப் பார்த்து, கடல் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருக்கும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். பாறை கூர்மையானது, ரப்பர் செருப்பு வழுக்கும். பட்டை வைத்த சாண்டல் போட்டுக்கொள்ளுங்கள், குழிக்குள் கால் வைக்காதீர்கள்.

இரவுகளைப் பிரித்திருப்பதும் சரியில்லை. பெங்களூரிலிருந்து நேரடி விமானம் சுமார் இரண்டரை மணி நேரம். விடிகாலை விமானம் பிடித்தால் காலையிலேயே இறங்கிவிடலாம். முதல் இரவை போர்ட் பிளேரில் கழிக்காமல், அன்றே பிற்பகல் படகில் ஹேவ்லாக் போய்விடுங்கள். விமானம் இறங்குவதற்கும் படகு புறப்படுவதற்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். ஹேவ்லாக் மூன்று இரவு, நீல் ஒன்று, போர்ட் பிளேர் ஒன்று என்பது நல்ல கணக்கு. கடைசி இரவு போர்ட் பிளேரில் என்று தாளில் இருப்பதை மட்டும் மாற்றாதீர்கள். காற்று அடித்து ஒருநாள் படகு ரத்தானாலும் விமானத்தைப் பிடிக்க அந்த ஒரு இரவுதான் காப்பாற்றும். ஏஜென்சிகள் சரியாகச் செய்யும் விஷயம் இது.

தனியார் படகில் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் அளவில் ஆகும். தனியார் படகு மூடிய ஏ.சி. அறை, குமட்டல் வருபவர்களுக்குச் சிரமம். அவோமின் என்ற குமட்டல் மாத்திரை போட்டுக்கொள்வதாக இருந்தால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டிய பிறகு பயனில்லை. அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும், டைவிங் செய்யும் நாளில் கூடாது.

டைவிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தாளில் "ஸ்கூபா, ஒருவருக்கு ஒன்று" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே. நீச்சல் தெரியாதவர்களும் பயிற்றுநரோடு முதல் டைவ் போகலாம், அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். கேட்க வேண்டியவை: சான்றிதழ் பெற்ற பயிற்றுநரா, ஒருவருக்கு ஒரு பயிற்றுநரா, உள்ளே போவதற்கு முன் ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி உண்டா, உடல்நலப் படிவம் தருவார்களா. ஆஸ்துமா, காது அறுவை, இதயக் கோளாறு இருந்தால் பெங்களூரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மூக்கடைப்போடு இறங்கவே கூடாது. கல்யாண மண்டபத்து ஏ.சி.யும் மூன்று நாள் தூக்கமின்மையும் சேர்ந்து சளி பிடிக்காத மாப்பிள்ளை பெண் அபூர்வம் என்பதால், டைவை மூன்றாம் நாள் காலைக்கு வையுங்கள்.

இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதிக் காது அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு ஊதக் கூடாது, வருவதற்கு முன்பே ஒவ்வொரு சில அடிக்கும் செய்ய வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் "மேலே போகலாம்" என்று பொருள். சந்தோஷத்தில் கட்டைவிரல் காட்டினால் பயிற்றுநர் உங்களை மேலே கொண்டுவந்துவிடுவார். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேருங்கள். அடர்ந்த மீசை இருந்தால் முகமூடிக்குள் தண்ணீர் கசியும், மூக்குக்குக் கீழே மீசையின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் மழித்தால் சரியாகும். புதுத் தாலிக் கயிறோ கொடியோ வெட் சூட்டுக்குள் இருக்கட்டும், வெளியே தொங்கினால் குழாயில் மாட்டும். துடுப்புச் செருப்புக்குள் மெட்டி விரலை உரசும், ரப்பர் காலுறை கேட்டு வாங்குங்கள். டைவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழாகிவிடும். மூன்றாம் நாள் டைவ், ஆறாம் நாள் விமானம் என்றால் இந்தக் கவலையே இல்லை.

கேண்டில் லைட் டின்னர் படத்தில் அழகாக இருக்கும். மணலில் மேசை போட்டால் மணல் ஈக்கள் முட்டிக்குக் கீழே ஒரு இடம் விடாது. கடிக்கும்போது தெரியாது, மறுநாள் தொடங்கி ஒரு வாரம் அரிக்கும். மேசையைப் புல்தரையிலோ மரத் தளத்திலோ போடச் சொல்லுங்கள். காலில் தேங்காய் எண்ணெய் கனமாகத் தடவுவது ஓரளவு காக்கும். சொறியாதீர்கள், புண்ணாகும்.

ராதாநகர் கடற்கரைக்கு தாளில் மாலை நாலரை மணி போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். அந்தமானில் ஓடுவதும் நம் கடிகாரம்தான், ஆனால் ஊர் வெகு கிழக்கே. ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் விழுந்துவிடும். மூன்று மணிக்கே போனால்தான் குளிக்கவும் நேரம் கிடைக்கும். பக்கத்து நீல்ஸ் கோவ் ஒதுக்குப்புறமாக, ஜோடிகளை இழுக்கும்படி இருக்கும். அங்கே முதலை எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், உப்புநீர் முதலை உண்மையிலேயே வரும் கடல் இது.

ஹேவ்லாக்கில் காரை வேண்டாம் என்று சொல்லி அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். சாலைகள் சில, பிரிவுகள் இன்னும் குறைவு. ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். அசல் லைசென்ஸ் வேண்டும், எடுக்கும்போதே பழைய கீறல்களை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரத் தனி ரிசார்ட்டைவிட கோவிந்த் நகர் பஜாருக்கு நடக்கும் தூரத்தில் ஒரு வீட்டோடு சேர்ந்த விடுதி கேட்கலாம். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் 1950களில் குடியமர்ந்த ஊர். மதியம் பஜாரில் சோறு, பருப்பு, கடுகு அரைத்த மீன் குழம்பு சாப்பிட்டால் ரிசார்ட் பஃபே ஞாபகத்துக்கே வராது. பாஷை இந்தி, பெங்களூரில் புழங்கும் இந்தி தாராளமாகப் போதும்.

"எக்ஸ்ட்ரா" என்று பாராடாங் தீவுக்கு ஒருநாள் பயணத்தை விற்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, வாகன வரிசையாக ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் போகும் பாதை. வண்டியை நிறுத்துவதும் அவர்களைப் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். "வழியில் பார்க்கலாம்" என்று ஆசைகாட்டும் ஏஜென்ட்டிடம் மற்ற எதையும் வாங்காதீர்கள். மனிதர்களை வேடிக்கை பார்க்கப் போவது தேனிலவு இல்லை. அந்த நாளை ஹேவ்லாக்கிலேயே கழியுங்கள்.

பணம் கட்டும் முன் ரூம், படகு, கார், நுழைவுச் சீட்டு, டைவிங், ஜி.எஸ்.டி. என்று தனித்தனியாகப் பிரித்த விலைப்பட்டியல் கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் சொல்பவரிடம் எதையும் கழிக்க முடியாது. படகு ரத்தானால் டிக்கெட் பணம் யாருக்குத் திரும்பும், தவறிய ஹோட்டல் இரவுக்கு யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். உள்நாட்டுப் பயணம் என்பதால் வெளிநாட்டு பேக்கேஜுக்கு முன்கூட்டியே பிடிக்கும் டி.சி.எஸ். வரி இதற்குக் கிடையாது, பட்டியலில் இருந்தால் கேள்வி கேளுங்கள். தீவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஆளுக்குக் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

கடைசி மாலையை அபர்தீன் பஜாருக்கு விடுங்கள். அங்கே தமிழிலேயே பேரம் பேசலாம், பங்குனி உத்திரம் சமயமானால் போர்ட் பிளேரில் காவடியே பார்க்கலாம். சங்கு, சிப்பி வாங்க ஆசை என்றால் சாகரிகா அரசு விற்பனையகத்தில் ரசீதோடு வாங்கி, ரசீதைக் கைப்பையில் வையுங்கள். கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டை விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.