ஓடும் கார்ட்டூனா, நிற்கும் கார்ட்டூனா?

பிள்ளைகளுக்குப் பாடம் மண்டையில் ஏறணும்னா கார்ட்டூன் காட்டுங்க என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எந்தக் கார்ட்டூன்? போனில் ஓடும் அனிமேஷனா, தாளில் அசையாமல் நிற்கும் படமா, இல்லை பிள்ளைகளே வரைவதா? தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன், 3-ம் வகுப்பிலிருந்து 8-ம் வகுப்பு வரை 18 பிள்ளைகள், பாதிப் பேர் வீட்டில் பெரியவர்கள் தக்காளி மண்டிக்கோ பெங்களூரில் கட்டட வேலைக்கோ போய்விடுவார்கள். மூன்றையும் இவர்களோடு செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஓடும் கார்ட்டூன். அசைவதைப் புரிய வைக்க அதை அடிக்க ஆள் இல்லை. நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டால் பெரிய பிள்ளைகள்கூட "பூமி நிழல் விழுதுக்கா" என்பார்கள், நான் பலகையில் எத்தனை வட்டம் போட்டாலும் அது மாறவில்லை. நிலா பூமியைச் சுற்றி வருவதையும், சூரியன் பக்கம் இருக்கும் பாதி மட்டும் எப்போதும் வெளிச்சமாக இருப்பதையும் மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் ஒரு சின்ன வீடியோவைப் போட்டதும் இரண்டு பேர் "அப்போ நிழலே இல்லையா?" என்று தாங்களாகவே கேட்டார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளுவது, விதை முளைப்பது, இதெல்லாம் அதே கணக்குதான்.

இன்னொரு பலம் மொழி. தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு, பக்கத்து வீடு கன்னடம். அவள் பையன் பள்ளிக்கூடம் சேரும் முன்னாலேயே தமிழ் பேசினான் என்றால் அதற்கு டிவி கார்ட்டூன்தான் காரணம். 2007-ல் சுட்டி டிவி வந்த பிறகு டோரா தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளை நம் எல்லோருக்கும் தெரியும். இவனும் பெட்டிக்கடையில் போய் நின்று "எனக்கு இரண்டு மிட்டாய்கள் வேண்டும், தருகிறீர்களா?" என்று கேட்டவன். டப்பிங் தமிழ்தான், ஆனால் 1-ம் வகுப்பு டீச்சர் பேசுவது அவனுக்குப் புரிந்தது. ஓசூர், தளி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எங்கே இடிக்கிறது என்றால், பார்த்து முடித்த பிறகு. ஒருநாள் செரிமானத்தைப் பற்றி ஒரு வீடியோ போட்டேன். இட்லிக்குக் கண், வாய் எல்லாம் வைத்து, கத்திக்கொண்டே குடலில் சறுக்கிப் போவதுபோல் எடுத்திருந்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் கேட்டால் இட்லி எப்படிக் கத்தியது என்று 18 பேரும் கத்திக் காட்டினார்கள், பித்தநீர் என்ன செய்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீடியோ ஒரு இடத்தில்கூட நின்று அவர்களை எதுவும் கேட்கவில்லையே.

வேகமும் ஒரு பிரச்சனை. 2011-ல் அமெரிக்காவில் 4 வயதுப் பிள்ளைகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சராசரியாக 11 விநாடிக்கு ஒரு தடவை காட்சி மாறும் கார்ட்டூனை ஒரு கூட்டம் 9 நிமிடம் பார்த்தது, இன்னொரு கூட்டம் மெதுவான கார்ட்டூன் பார்த்தது, மூன்றாவது கூட்டம் உட்கார்ந்து படம் வரைந்தது. உடனே சோதித்தபோது கவனம், பொறுமை, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது எல்லாவற்றிலும் வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள்தான் பின்தங்கினார்கள். சின்ன ஆய்வு, பார்த்த உடனே அளந்தது, அதை வைத்துக் கார்ட்டூன் மூளையைக் கெடுக்கும் என்றெல்லாம் சொல்லக் கூடாது. ஆனால் அந்த மாதிரி வீடியோ முடிந்த கையோடு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்த நிலைமை தெரிந்திருக்கும்.

இப்போது நிற்கும் கார்ட்டூன். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இங்கிலாந்தில் பிரெண்டா கியோ, ஸ்டூவர்ட் நெய்லர் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கருத்துக் கார்ட்டூன் முறை. ஒரு பனிப்பொம்மை நிற்கிறது. கோட்டு போட்டால் சீக்கிரம் உருகிவிடும் என்கிறது ஒரு பிள்ளை, உருகாமல் காக்கும் என்கிறது இன்னொன்று, எந்த வித்தியாசமும் வராது என்கிறது மூன்றாவது. எது சரி என்று படத்தில் இருக்காது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

நமக்குப் பனிப்பொம்மை எதற்கு? நான் சார்ட்டில் ஒரு ஐஸ் கட்டியை வரைந்து, பக்கத்தில் மடித்த கம்பளி, சுற்றி மூன்று தலை, மூன்று பேச்சுக் குமிழி. "கம்பளி சூடு, சுத்துனா உடனே உருகிடும்" என்பதற்குத்தான் 14 கை தூக்கியது. ஒரு பையன் மட்டும், அவன் மாமா ஐஸ் வண்டி ஓட்டுபவர், பெட்டியில் ஐஸ் மேல் சாக்கு போட்டு மூடுவார் என்றான். அப்புறம் சண்டைதான், அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. கடையில் ஐஸ் வாங்கி வந்து ஒரே அளவில் இரண்டு துண்டு, ஒன்று கம்பளிக்குள், இன்னொன்று வெறும் தட்டில். தட்டில் இருந்தது தண்ணீரானபோது கம்பளியைப் பிரித்தால் உள்ளே பாதிக்கு மேல் கட்டியாகவே இருந்தது. சூட்டைக் கம்பளி உண்டாக்குவதில்லை, உள்ளே வரவும் வெளியே போகவும் விடாமல் தடுக்கிறது என்று அவர்கள் வாயாலேயே வந்தது.

இதே முறையில் நம்ம மாவட்டத்துப் பல் கறையையும் எடுத்தேன். பல்லில் பழுப்புக் கோடு உள்ள பிள்ளைகள் என் வகுப்பிலேயே 5 பேர், வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். படத்தில் ஒரு குமிழி "ஒழுங்காப் பல் விளக்கல" என்றது, அடுத்தது "தண்ணியக் காய்ச்சிக் குடிச்சா வராது", மூன்றாவது "போர் தண்ணியாலதான்". ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை, நிலைப்பற்கள் உருவாகும் வயதில் தொடர்ந்து குடித்தால் இந்தக் கறை வரும் என்பதையும், காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது என்பதையும், 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எதற்காக வந்தது என்பதையும் அந்த ஒரே படத்திலிருந்து பேசினோம். அன்றைக்கு அந்த 5 பேரில் ஒருத்தி கையை எடுத்துவிட்டுப் பேசினாள். இதைச் செய்யும் வீடியோவை நான் இன்னும் பார்க்கவில்லை.

நிற்கும் கார்ட்டூனில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்குக் குமிழி ஒரு சுவர், யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பின்னணி தெரியாமல் கையில் கொடுத்தால் தப்பான அர்த்தமும் போய்விடும். 2012-ல் நடந்தது ஞாபகம் இருக்கும். அரசியலமைப்பு நத்தை வேகத்தில் போகிறது என்று கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் வரைந்த படம், அம்பேத்கர் நத்தை மேல் இருக்க நேரு சாட்டையோடு நிற்பது, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் 11-ம் வகுப்புப் புத்தகத்தில் இருந்ததற்கு நாடாளுமன்றமே கொதித்தது. அடுத்த மாதமே, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய 12-ம் வகுப்புக் கார்ட்டூனுக்குத் தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு. அன்றைய பத்திரிகை வாசகனுக்கு வரைந்ததை அப்படியே பிள்ளைக்குக் கொடுத்தால் முன்கதையைச் சொல்லவும் ஆள் வேண்டும். பாரதி 'இந்தியா' பத்திரிகையில் போட்ட கேலிச் சித்திரங்களைக் காட்டுவதாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

மூன்றாவது, பிள்ளைகளே வரைவது. செலவு ஒரு தாள், ஒரு பென்சில், கரண்ட் போனாலும் கவலை இல்லை. யுனிசெஃப் 1990-களில் தெற்காசியப் பெண்பிள்ளைகளுக்காக 'மீனா' கார்ட்டூனை உருவாக்கியது, கிளி வைத்திருக்கும் சுட்டிப் பெண், படிப்புக்காக வாதாடுவாள். நல்ல படைப்பு. ஆனால் போட்டுக் காட்டியபோது "அது வேற ஊருக்கா" என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தேன்: 8-ம் வகுப்புப் பெண், வீட்டுக்குத் தட்டில் பூ பழத்தோடு சொந்தக்காரர்கள், அப்பா தலை குனிந்திருக்கிறார், கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண்ணின் குமிழி காலி. குழந்தைத் திருமணம் எங்கள் பக்கம் இன்னும் நிற்கவில்லை என்பதால் இதைப் பயந்துகொண்டேதான் கொடுத்தேன். "1098-க்கு போன் பண்ணுவேன்" என்று குழந்தைகள் உதவி எண்ணை ஒரு பையன் எழுதினான். "பரீட்சை முடியட்டும் மாமா" என்று ஒருத்தி. இன்னொருத்தி எதுவும் எழுதாமல் தாளை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள், நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் காலிக் குமிழி உள்ள தாளைத்தான் எடுப்பேன். வீடியோவை அசைவு தேவைப்படும் பாடத்துக்கு மட்டும், அதிகபட்சம் 3 நிமிடம், நடுவில் இரண்டு தடவை நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு. வரையத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு: வட்டத் தலை, கோட்டுக் கை கால் போதும், மூன்று குமிழியில் இரண்டை உங்கள் பிள்ளைகள் நிஜமாகவே சொன்ன தப்பான பதிலாக எழுதுங்கள், சரியானதை முதல் குமிழியில் வைக்காதீர்கள், முதலில் இருப்பதற்கே கை தூக்கிவிடுவார்கள்.