பழைய இ-ரீடரைக் கொம்பியூட்டரில் கொழுவுகிற பாடு

மின்நூல் வாசிக்கிற கருவியான இ-ரீடர், பழையது ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா என்று சினேகிதர் ஒருவர் கேட்டார். திரை, பற்றரி விவரமெல்லாம் அவருக்கே தெரியும். எனக்கு இத்தனை வருடமாக எரிச்சல் தருவது ஒன்றுதான்: கொம்பியூட்டரில் கொழுவுவது.

என்னிடமும் பழைய ரீடர் ஒன்று இருக்கிறது. வாசிக்க இதைவிட நல்ல சாமான் என்னிடம் இருந்ததில்லை. உச்சி வெயிலில் திருகோணமலை டச்சு விரிகுடாக் கரையில் வைத்து வாசித்தாலும் எழுத்து மங்காது. ஆனால் புத்தகம் ஏற்ற, பழைய போன்களுக்கு வந்த மைக்ரோ யுஎஸ்பி வயர் வேண்டும். கடையில் கேட்டால் பெரும்பாலும் வெறும் சார்ஜ் வயரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். வயருக்குள் நாலு கம்பி இருக்கவேண்டும், இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. மலிவு வயர் பலவற்றில் டேட்டாக் கம்பிகளே இல்லை. வெளியே பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கொழுவினால் சார்ஜ் ஏறும், கொம்பியூட்டர் கண்டுகொள்ளாது. நல்ல ரீடரைப் பழுதென்று நினைக்க வைக்கிற இந்த வியாபாரம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வயர் சரியென்றாலும் எங்கள் ஊர் உப்புக்காற்று விடாது. டைக் வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. போன கிழமை பழுது பார்த்தவர் லென்ஸ் வைத்துக் காட்டினார்: ரீடரில் வயர் கொழுவுகிற துவாரத்துக்குள் இருக்கும் ஐந்து பின்னில் ஓரத்து இரண்டும் மினுங்குகின்றன, நடுவில் இருப்பவை பச்சை பூத்துக் கிடக்கின்றன. மின்சாரம் போவது ஓரத்தால், டேட்டா போவது நடுவால். சார்ஜ் ஏறியும் கோப்பு ஏறாத காரணம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மெல்லிய பிரஷால் துடைத்துத் தந்தார்.

கொழுவுப்பட்டுவிட்டால் அது தங்கம். பென்டிரைவ் மாதிரித் திறக்கும், தனி மென்பொருள் தேவையில்லை. தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத் தளத்தில் இறக்கிய இ-பப் (மின்நூல்) கோப்பை இழுத்துப் போட்டால் போதும். புதிய ரீடர்கள் சில பென்டிரைவ் மாதிரித் திறக்காத எம்டிபி என்ற முறைக்கு மாறிவிட்டதால் மேக் கணினியில் அதற்கென்று வேறு செயலி போடவேண்டியிருக்கிறது. இதில் அந்தக் கரைச்சல் இல்லை. கழற்றுமுன் 'இஜெக்ட்' கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். கொடுக்காமல் இழுத்தால் கோப்பு அரைகுறையாகி, புத்தகம் திறக்காமல் போகலாம். 'நூலகம்' என்ற இணையத்தளத்து ஸ்கேன் பிடிஎஃப்களுக்கு மட்டும் ஆறு அங்குலத் திரை காணாது.

சினேகிதருக்கு என் பதில்: எடுக்கவேண்டாம், இப்போதைய போன்களில் வருகிற சி-டைப் துவாரம் உள்ளதாகப் பாருங்கள். என்னுடையதை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன், அது வேறு. எடுத்தே தீருவதென்றால் லப்டொப்பையும் நல்ல டேட்டா வயரையும் கொண்டுபோய், காசு கொடுக்குமுன் விற்பவருக்கு முன்னாலேயே ஒரு புத்தகத்தை ஏற்றித் திறந்து பாருங்கள். சார்ஜ் ஏறுவதைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்.