கைப்பிடி அளவி: 31 கிலோவும் ஒரு சிரித்த முகமும்

ஏழு மாதங்களுக்கு முன் வந்த வைரஸ் காய்ச்சல் பத்து நாளில் இறங்கிவிட்டது. அசதி இன்னும் இறங்கவில்லை. "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பவர்களிடம் காட்ட ஓர் எண் கிடைக்குமே என்றுதான் கை எவ்வளவு பலமாக இறுக்குகிறது என்று அளக்கும் இந்த டிஜிட்டல் அளவியை வாங்கினேன்.

முதல் முறை இறுக்கியதும் 31 கிலோ காட்டியது, பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தோடு. அன்று நான் இரண்டு பக்கம் மெய்ப்புப் பார்த்துவிட்டுப் படுத்தவன், மாலைவரை எழவில்லை.

அளக்கும் வேலையைக் கருவி ஒழுங்காகவே செய்கிறது. பிடி உறுத்தவில்லை, எழுத்து பெரியது. ஆனால் அடுத்தடுத்துப் பத்து முறை இறுக்கினால் ஆறாவதிலேயே 22க்குச் சரிகிறேன். கருவி நினைவில் வைப்பதோ உச்ச எண்ணை மட்டும். சரிவை நான்தான் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சரிவில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று 2024 பிப்ரவரியில் வெளியானது. தொற்றுக்குப் பின் நாள்பட்ட சோர்வு நோய்க்கு ஆளான 17 பேரையும் நலமான 21 பேரையும் ஒப்பிட்டார்கள். அங்கும் கைப்பிடிச் சோதனை உண்டு. நோயாளிகளின் பிடி சீக்கிரம் தளர்ந்தது. தசையிலோ களைப்பின் அடையாளம் இல்லை. மூளையில் காதுக்குச் சற்று மேலே பின்புறமாக, டெம்போரோபரைட்டல் சந்திப்பு என்ற இடத்தில் செயல்பாடு குறைந்திருந்தது. தன்னால் முடியும் என்று மூளை போடும் கணக்குக்கும் உடல் செய்து காட்டுவதற்கும் இடையிலான பொருத்தம் அங்கே பிசகலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 17 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தும் படித்தபோது, யாரோ என் கையைப் பிடித்துப் பார்த்ததுபோல் இருந்தது.

இதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பொறுக்கவில்லை: 'முயற்சி விருப்பம்' (effort preference). நோயாளி விரும்பித்தான் முயலாமல் இருக்கிறார் என்பதுபோல் ஒலிக்கிறது. என் மேசைக்கு வந்திருந்தால் 'விருப்பம்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்திருப்பேன். நோயாளிகள் பலர் கொதித்ததில் வியப்பில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பத்து முறைச் சோதனை செய்த மறுநாள் முழுக்க நான் படுக்கையில் கிடந்தேன். இந்த நோயில் உழைப்புக்கான தண்டனை ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிக்கூட வரும். கையேட்டிலோ "தினமும் மூன்று வேளை பயிற்சி" என்று போட்டிருக்கிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்றைக் கையேட்டுக்காகவும், இன்னொன்றை அந்தச் சிரித்த முகத்துக்காகவும் குறைத்திருக்கிறேன்.