காதுகுத்து போட்டோவும் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கும்

பாப்பாவின் காதுகுத்து போட்டோக்கள் இருந்த பென் டிரைவ் ஒருநாள் திறக்கவே இல்லை. அப்புறம்தான் ரிச்சி தெருவில் 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் முதல் ஏற்றுவதெல்லாம் இலவச 15 ஜிபி கணக்கில் சேரும். ஜிமெயிலுக்கும் அதே இடம்தான். எங்கள் வீட்டு வீடியோக்களுக்கே காணாது.

இந்த ஹார்ட் டிஸ்க் உள்ளங்கை அளவு, சத்தமில்லை. 40 ஜிபி ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குறை என்றால் கேபிள்தான், ஒரு சாண் நீளம்! உள்ளே தட்டு சுழல்வதால் ஓடும்போது கீழே விழுந்தால் போச்சு. சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அந்தப் பயம் குறைவு, விலைதான் உதைக்கிறது. சரி என்று இதிலேயே இன்னொன்று வாங்கி, மாதம் ஒருமுறை நகலெடுத்து அம்மா வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைக்கிறேன்.