வெளிப்புற நடனப் படத்துக்கு டெஸ்ட் ஷூட்: ஆஸ்மோ பாக்கெட் 3 எவ்வளவு கைகொடுக்கும்?

பரதநாட்டியத்தைக் கடற்கரையிலோ பாறை மேலோ படமாக்குகிறவர்கள், மெயின் கேமரா வாடகைக்கு வருவதற்கு முன்பே லொகேஷனில் ஒத்திகையை ஷூட் செய்து பார்த்தாக வேண்டும். வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது தீர்மானம் (ஜதியை முடித்துவைக்கும் அடவு வரிசை) எந்தப் பக்கம் பார்த்து முடிகிறது என்று பேச ஆரம்பித்தால், பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். டிஜேஐ நிறுவனம் 2023 அக்டோபரில் கொண்டுவந்த ஆஸ்மோ பாக்கெட் 3 என்ற கையடக்கக் கேமரா இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதன் லென்ஸ் எங்கே ஏமாற்றும் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும்.

179 கிராம் எடை, ஒரு இஞ்ச் சென்சார், கை சாய்வதைச் சமன் செய்யும் மூன்று அச்சு கிம்பல், திருப்பினால் ஆன் ஆகும் 2 இஞ்ச் திரை. ஜதி சொல்லிக்கொண்டே டான்ஸ் மாஸ்டர் ஒரு கையால் பிடித்து எடுத்துவிடலாம். இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது லென்ஸ். இது ஃபுல் ஃபிரேம் (36 மில்லிமீட்டர் அகலச் சென்சார்) கேமராவில் 20 மில்லிமீட்டருக்குச் சமமான வைடு லென்ஸ். மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுலபமான கணக்கு: கேமரா எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறதோ, ஃபிரேமின் உயரமும் ஏறக்குறைய அத்தனை மீட்டர், அகலம் அதில் 1.8 மடங்கு. இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றாலே அரைமண்டியில் (முட்டிகளைப் பக்கவாட்டில் மடக்கிய பாதி அமர்வில்) இருப்பவர் முழுதாக ஃபிரேமுக்குள் வந்துவிடுவார். அங்கேதான் ஆபத்து. முகத்துக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிய அலபத்மம் (விரல்களை விரித்த தாமரை முத்திரை), அந்தத் தூரத்தில் முகத்தோடு ஒப்பிட்டால் சுமார் 43 சதவீதம் பெரிதாகத் தெரியும். ஆறு மீட்டரிலிருந்து பார்த்தால் அந்த வித்தியாசம் 11 சதவீதம்தான். கிட்டே நின்று எடுத்த டெஸ்டை நம்பி "கை ரொம்ப முன்னால் வருகிறது" என்று அடவை (நடனத்தின் அடிப்படை அசைவை) திருத்தினால், நன்றாக இருந்த அடவைக் கெடுத்தது மாதிரி ஆகிவிடும்.

வழி இருக்கிறது. பெர்ஸ்பெக்டிவை, அதாவது கிட்டே இருப்பது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை, முடிவு செய்வது தூரம்தான், லென்ஸ் அல்ல. மெயின் ஷூட்டில் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போடப்போகிறீர்கள் என்றால், தலைக்கு மேல் தூக்கிய கையோடு முழு உருவம் வர கேமரா ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பாக்கெட் 3-ஐயும் அதே ஆறு மீட்டரில் வைத்து, 4கே-யில் எடுத்து, எடிட்டில் இரண்டரை மடங்கு கிராப் செய்யுங்கள் (நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்). சுமார் 1536 பிக்சல் அகலம் மிஞ்சும். பார்த்து முடிவெடுக்க அது தாராளம். முக்கியமாக, அந்த இடத்தில் ஆறு மீட்டர் பின்னால் போக முடியுமா, அதற்குள் பாறை முடிந்துவிடுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். கேமராவின் உயரம் 80, 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். கண் உயரத்தில் பிடித்துக் கீழே சாய்த்தால் கால்கள் குட்டையாகி, சரியான அரைமண்டிகூடத் தவறானதாகத் தெரியும்.

அடுத்தது ஆக்டிவ் டிராக். ஆடுபவரைத் தானாகத் துரத்தும் இந்த வசதியைப் பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள். ஒத்திகையின் முதல் டேக்கில் இதை அணைத்துவிடுங்கள். எப்போதும் நடுவிலேயே வைத்துக் காட்டுவதால் ஆடுபவர் எத்தனை அடி இடம் நகர்ந்தார் என்பது மறைந்துபோகிறது. ஆடும் இடத்தைத் திட்டமிடத்தானே டெஸ்டே எடுக்கிறோம்? மேலும், குழுவில் இருவர் குறுக்கே கடந்தால் டிராக்கிங் அடுத்தவரிடம் தாவக்கூடும். டிரைபாடில் அசையாத மாஸ்டர் ஷாட்டை முழு உருப்படிக்கும் (ஆடும் பாடல் முழுமைக்கும்) எடுத்துவிட்டு, பிறகு நகரும் ஷாட்டுகளுக்குப் போங்கள். நடந்து எடுக்கும்போது கிம்பல் சாய்வையும் திருப்பத்தையும் சமாளிக்கும். மேலும் கீழுமான குலுக்கலைச் சமாளிக்காது. மணலில் அது இரட்டிப்பாகும். முட்டியை மடக்கி, குதிகாலை முதலில் வைத்து நடக்க வேண்டும்.

லென்ஸின் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப் 2-இல் நிலையானது, மூட முடியாது. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 50-இல், ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் ஷட்டர் 1/3200 நொடி பக்கம் ஓடிவிடும். கை வீச்சு துண்டு துண்டாக வெட்டுப்படும். ஆட்டம் இருப்பதைவிட முரட்டுத்தனமாகத் தெரியும். நொடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டரை 1/50-இல் நிறுத்த, ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் வேண்டும். காந்தத்தில் ஒட்டும் 16, 64, 256 செட்டை டிஜேஐ தனியாக விற்கிறது. அதைக் கட்டாயச் செலவாகவே வையுங்கள். ஒயிட் பேலன்ஸை (வெள்ளை நிறத்தின் அளவுகோலை) 5600 கெல்வினில் பூட்டி, எக்ஸ்போஷரை முகத்தில் லாக் செய்யுங்கள். ஆட்டோவில் விட்டால் ஆடுபவர் கருங்கல்லை விட்டு வானத்தின் முன்னால் வரும்போதெல்லாம் முகம் கறுத்துப்போகும். கிழக்குக் கடற்கரையில் காலையில் கடல் பின்னணி என்றால் சூரியன் நேராக லென்ஸைப் பார்க்கும் என்பதால், டெஸ்டையும் மெயின் ஷூட் நடக்கப்போகும் அதே நேரத்தில் எடுப்பதுதான் சரி.

ஒலி விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒலி 14 மீட்டர் கடக்க 40 மில்லி செகண்ட் ஆகும். 25 ஃபிரேமில் அது முழுதாக ஒரு ஃபிரேம். ஸ்பீக்கருக்கு 5 மீட்டரில் ஒருவரும் 19 மீட்டரில் ஒருவரும் நின்றால், எவ்வளவு தேர்ந்தவர்களானாலும் காலின் தட்டு ஒன்றாக விழாது. ஸ்பீக்கரைக் குழுவின் நடுக்கோட்டுக்கு நேராக, எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் வையுங்கள். ஒரு ஸ்பீக்கர் ஒயரில், இன்னொன்று புளூடூத்தில் என்று கலக்கவே கூடாது, புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். பாட்டைப் பகுதி பகுதியாக வெட்டி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தாளத் தட்டு சேர்த்துக்கொண்டால் எடுப்பும் (பாட்டு தொடங்கும் இடமும்) பிசகாது, எடிட்டில் சிங்க் செய்வதும் எளிது. ஸ்லோ மோஷனுக்கு, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 50 ஃபிரேமில் எடுக்கலாம். ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 100, அதே என்டி 64. விளம்ப கால (மெதுவான) பகுதிகளுக்கு மட்டும்தான் இது நடக்கும். மேல் கால (வேகமான) தீர்மானத்தை இரட்டை வேகத்தில் ஆடச் சொல்வது ஆடுபவருக்குச் செய்யும் கொடுமை.

சலங்கையும் முன்பக்கம் விசிறி மடிப்பு வைத்த உடையும் இல்லாமல் டெஸ்ட் எடுக்காதீர்கள். கடல் காற்றில் விசிறி எந்தப் பக்கம் தூக்குகிறது என்பதை வேறு எப்படியும் கண்டுபிடிக்க முடியாது. மணலில் தட்டு ஓசை எழும்பாது, அலை நனைத்து இறுகிய பட்டைதான் ஓரளவு தாங்கும். கருங்கல் தரை சீக்கிரமே சுட ஆரம்பிக்கும், வெறுங்காலை வைத்துப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கேமரா சிறியது என்பதால் அனுமதி தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கேமரா 40 டிகிரி வரைதான் இயங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. சித்திரை வெயிலில் டேக்குகளுக்கு இடையே அதைக் குடைக்குள் வைத்திருங்கள். பேட்டரி 166 நிமிடம் என்பது திரையை அணைத்து, 1080-இல் 24 ஃபிரேமில் ஓட்டினால் வரும் எண். 4கே-யில் அதை எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது, பவர் பேங்க் கூடவே இருக்கட்டும். உச்ச பிட்ரேட்டில் (நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவில்) நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி எழுதும். 128 ஜிபி கார்டில் இரண்டு மணி நேரம் தேறும். தண்ணீரும் மணலும் தாங்கும் கட்டமைப்பு இதற்குக் கிடையாது. கிம்பல் கையில் மணல் புகுந்தால் மோட்டார் இழுக்கும், அணைத்ததும் உறைக்குள் போட்டுவிடுங்கள்.

கூடுதல் கருவிகளோடு விற்கும் கிரியேட்டர் காம்போவில் வரும் வைடு லென்ஸ் நடனத்துக்கு வேண்டாத ஒன்று. 20 மில்லிமீட்டரே தேவைக்கு மேல் வைடு. ஆனால் பேட்டரி ஹேண்டிலும், காற்றுத் தடுப்பு உரோம உறையோடு வரும் மைக் 2 என்ற வயர்லெஸ் மைக்கும் தினமும் பயன்படும். அந்த மைக்கை ஆடும் இடத்தின் ஓரத்தில் வைத்தால் சலங்கையும் பாட்டும் ஒரே டிராக்கில் வந்துவிடும். கையில் வேறு வயர்லெஸ் மைக் இருந்தால் தனிக் கேமராவும் என்டி செட்டும் வாங்குங்கள், போதும்.