‘அகமெம்னான்’ மேடைக்கு எது: படிக்கட்டா, கதவு வைத்த சுவரா?

கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றதும் அரங்க அமைப்பில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். மேடை முழுக்கப் படிக்கட்டு போதும், சுவரே வேண்டாம் என்பது ஒரு கட்சி. நடுவில் பெரிய இரட்டைக் கதவோடு அரண்மனை முகப்பு வேண்டும் என்பது மற்றது. எஸ்கிலசின் ‘அகமெம்னா’னுக்கு வடிவமைத்தபோது நான் கதவுக் கட்சியில் சேர்ந்தேன்.

படிக்கட்டின் வசதி தெரிந்ததுதான். கோரஸ், அதாவது கூட்டமாகப் பாடிப் பேசும் குழு, ஒருவரையொருவர் மறைக்காமல் நிற்கலாம். பெட்டி பெட்டியாகச் செய்தால் அடுத்த நாடகத்துக்கும் ஆகும். 1963இல் பிராகில் அரங்க வடிவமைப்பாளர் யோசப் ஸ்வோபோடா ‘ஈடிபஸ் அரசன்’ நாடகத்துக்கு மேடையையே ஒரே படிக்கட்டாக்கினார். படத்தில் பார்த்தாலே மிரட்டும்.

ஆனால் ‘அகமெம்னான்’ வாசலை வைத்து எழுதப்பட்ட நாடகம். எஸ்கிலசே எழுதி கி.மு. 472இல் அரங்கேறிய ‘பாரசீகர்க’ளைக் கதவில்லாமல் நடத்திவிடலாம். கி.மு. 458இல் வந்த இதை அப்படி நடத்த முடியாது. காவலாளி அரண்மனைக் கூரையில் படுத்தபடி, ட்ராய் நகரம் வீழ்ந்ததைச் சொல்லும் தீச்சுடருக்குக் காத்திருக்கிறான். ராணி கிளைடெம்னெஸ்ட்ரா செந்துணி விரித்து, போரிலிருந்து திரும்பிய கணவன் அகமெம்னானை உள்ளே வரவழைக்கிறாள். அவன் ட்ராயிலிருந்து சிறைபிடித்து வந்த கசாண்ட்ரா வாசல்வரை போய், வீட்டுக்குள்ளிருந்து ரத்த வாடை அடிக்கிறது என்று பின்வாங்குகிறாள். கொலை உள்ளே நடக்கிறது. நமக்குக் கேட்பது அலறல் மட்டும். யாரை உள்ளே விடுவது, எப்போது திறப்பது என்பதெல்லாம் ராணி கையில். வெறும் படிக்கட்டில் அகமெம்னான் பக்கத் திரைக்குப் பின்னால் போய்ச் சாக வேண்டியதுதான்.

சரி, கதவு என்று முடிவானால் வேலை அங்கேதான் இருக்கிறது. பிணங்களை வெளியே கொண்டுவர ஏதென்ஸ் அரங்கில் எக்கிக்ளேமா என்ற சக்கர மேடை இருந்தது. நாங்களும் நாலடி அகலத்தில் ஒன்று செய்தோம். அகமெம்னான், கசாண்ட்ரா இருவர் உடல்களும் நிற்கும் ராணியும் அதில் ஏற வேண்டும், தள்ளுகிறவர்களின் கைக்கும் இடம் வேண்டும். அதனால் வாசல் ஆறடி. கதவு வெளிப்பக்கம் திறந்தால் செந்துணியைச் சுருட்டிவிடும். ஆகவே உள்பக்கம்தான், அதுவும் சுவரின் பின்புறத்தோடு ஒட்டும்வரை மடங்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கர மேடைக்கு வழி கிடைக்காது. வாசலில் மேடான நிலைப்படி கூடாது, சக்கரம் தட்டும். அரசன் உள்ளே போனதும் பணிப்பெண்கள் துணியைச் சுருட்டி எடுத்தாக வேண்டும். விட்டால் கதவு மூடாது.

இன்னொன்று, கதவைச் சாத்தும்போது சுவர் நடுங்கக் கூடாது. காடாத்துணித் தட்டி ஒரு தடவை ஆடினால் போதும், அகமெம்னானின் ஆர்கோஸ் அரண்மனை கல்யாணப் பந்தல் ஆகிவிடும். கதவுச் சட்டத்தைத் தட்டிகளோடு சேர்க்காமல் தனியாகத் தரையில் திருகி, பின்னால் முட்டுக்கட்டையும் மணல் மூட்டையும் கொடுத்தோம். அசையவில்லை. மூடிய அரங்கில்தான் இது. திறந்தவெளியில் காற்றடித்தால் தாங்குமா என்று நான் போட்டுப் பார்த்ததில்லை.

செலவில் படிக்கட்டு ஜெயிக்கும், மறுக்கவில்லை. இந்தச் சுவர் வேறு நாடகத்துக்கு லேசில் பொருந்தாது. கதவும் சக்கரமும் மட்டும் மிஞ்சும். சொஃபோக்ளிசின் ‘கொலோனஸில் ஈடிபஸ்’ போடுவதாக இருந்தால் நானே படிக்கட்டுக்குப் போய்விடுவேன். அங்கே பின்னால் இருப்பது அரண்மனை இல்லை, தோப்பு.